யாரும் தொடாத பெட்டி

அத்தியாயம் 3

ஆறு பக்க அறிக்கையில் ‘அந்தப் பொருள்’ என்ற சொல் முப்பத்தொரு இடத்தில் வந்திருந்தது. மைக் அத்தனையையும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தான்.

“விசாரணைக் குழுவுல அஞ்சு பேர், அண்ணி. அஞ்சு பேரும் பெரிய படிப்பு படிச்சவங்க. காணாமப் போனது என்னன்னு ஒருத்தருக்கும் பேர் தெரியலை பாருங்க.”

“பேர் தெரியும். வாயிலதான் வரலை,” என்றாள் சல்லடை.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் காப்பீட்டு அலுவலகத்தில் கிடைத்தது. இருபது வருடம் ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்த கை. எவ்வளவு நைசாக அரைத்துக் கொட்டினாலும் கல்லு மட்டும் மேலே நின்றுவிடும். வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் தொடங்கியபோது கணவரின் தம்பியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டான். அவன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன். தாமதமான பேருந்துகளோடு அவற்றைப் பற்றிய தன் சொந்தக் கருத்துகளையும் அறிவித்ததில் வேலை போயிற்று. மைக் கையை விட்டுப் போனாலும் பெயரில் தங்கிவிட்டது.

வழக்கு நேற்று சாயங்காலம் வந்தது. கொடுத்தவள் ஓர் ஆராய்ச்சியாளர். இரண்டு வருட உழைப்பை அடைத்து வைத்த பன்னிரண்டு குப்பிகள் பத்து வாரத்துக்கு முன் ஆய்வுக்கூடத்தில் இருந்து மாயமாகிவிட்டன. குழு இரண்டு மாதம் கூடிக் கூடிப் பேசி, தரை துடைக்கும் பெண்தான் அருவருப்பில் தூக்கி எறிந்துவிட்டாள் என்று கண்டுபிடித்தது. பதினோரு நாளாக அவள் வேலைக்கு வரவில்லை; வரக்கூடாது என்று தாள் கொடுத்துவிட்டார்கள். இன்று மாலை நாலு மணிக்குப் போலீஸில் புகார் போகிறது.

இப்போது மணி பத்து.

நாலாவது மாடியில், திரவ நைட்ரஜன் ஊற்றிய இடுப்பு உயர எஃகுத் தொட்டியின் மூடியை ஆராய்ச்சியாளர் தூக்கினாள். வெள்ளைப் புகை வழிந்து தரையில் பரவியது. நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, கொண்டையில் இரண்டு பேனா. தடித்த நீலக் கையுறையோடு ஒரு நீளமான கம்பியைப் பிடித்து இழுத்தாள். அடுக்கடுக்காக அட்டைப் பெட்டிகள் வெளியே வந்தன. நாலாவது தட்டு காலி.

“இங்கதான் இருந்தது. மாதவிடாய் ரத்தத்துல இருந்து பிரிச்ச ஸ்டெம் செல். ஏழாம் நம்பர் கொடையாளி கொடுத்தது.”

“எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க,” என்றாள் சல்லடை.

“கர்ப்பப்பையோட உள்சுவர் மாசா மாசம் உரிஞ்சு விழுது, மறுபடியும் புதுசா வளருது. அந்த வளர்க்கற வேலையைத் தெரிஞ்ச செல்லுங்க உரிஞ்சு விழறதோட கொஞ்சம் கலந்து வந்துடும். அதைப் பிரிச்சு வளர்த்தா, கெட்டுப் போன இதயத்தையோ ஆறாத புண்ணையோ சரி பண்ண உதவுமான்னு பார்க்கறோம். இன்னும் மருந்து ஆகலை. ஆராய்ச்சிதான். ஆனா எலும்பு மஜ்ஜைன்னா இடுப்பெலும்புல ஊசி இறக்கணும். இதைப் பிடிக்க உள்ள வைக்கற ஒரு சின்ன ரப்பர் கப் போதும்.”

“ஊசி இல்ல, வெட்டு இல்ல, மாசா மாசம் தானா வருது,” என்றான் மைக். “இது ஆம்பளைங்களுக்கு வந்திருந்தா இதுக்குள்ள தேசியச் சொத்துன்னு அறிவிச்சு, வாசல்ல காவல் போட்டிருப்பாங்க.”

ஆராய்ச்சியாளர் சிரிக்கவில்லை. அலமாரியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள். உள்ளே ஒரு காலி அட்டைப் பெட்டி. மூடியின் மேல் உள்ளங்கை அகலத்தில் சிவப்பு எழுத்து: மாதவிடாய் ரத்தம்.

“இதோ, அந்த மஞ்சள் குப்பைத் தொட்டியில கிடந்தது. காணாமப் போன அன்னிக்குக் காலையில நான்தான் பார்த்தேன்.”

“எதுக்கு இவ்வளவு பெரிய எழுத்து?”

“தொட்டியில இடத்துக்கு அடிதடி, மேடம். கொஞ்சம் அசந்தா நம்ம பெட்டியை நகர்த்திட்டு அவங்க பெட்டியைச் சொருகிடுவாங்க. இதை ஒட்டின நாள்ல இருந்து ஒருத்தரும் தொட்டதில்ல. பக்கத்துப் பெட்டிக்காரர் தன்னோடதை ரெண்டு வரிசை தள்ளியே வெச்சுக்கிட்டார்.”

“மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரியிலயும் ஒட்டிக்கும்னு அவரோட ஆராய்ச்சி முடிவு போல,” என்றான் மைக்.

சல்லடை காலிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“குப்பிங்க?”

“ஒண்ணு கூடக் கிடைக்கலை.”

“மைக், உனக்கு ஒரு பெட்டியைப் பார்த்தா குமட்டுது. என்ன பண்ணுவ?”

“மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தூக்கிக் கடாசுவேன்.”

“மூடியைத் திறந்து, பன்னெண்டையும் பத்திரமா எடுத்து வெச்சுட்டு, வெறும் பெட்டியை மட்டும் கடாச மாட்டியே?”

மைக் அறிக்கையை எடுத்து, ‘தூக்கி எறிந்தாள்’ என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டான்.

“உள்ள இருந்தது வேணும். மேல எழுதியிருந்தது மட்டும் வேண்டாம். அப்படிப்பட்ட ஆளைத்தான் நாம தேடறோம்,” என்றாள் சல்லடை.

வாசலில் தொங்கிய பதிவேட்டில் அந்த நாளில் ஆராய்ச்சியாளரின் வரிக்கு மேலே ஒரே ஒரு வரி: காலை ஏழு மணி, தரை துடைக்க. கீழே உருண்டை உருண்டையான கையெழுத்து.

“உள்ள வர்றவங்க எல்லாரும் இதுல எழுதணுமா?”

“இயக்குநரைத் தவிர,” என்றாள் ஆராய்ச்சியாளர். “அவர் எழுத மாட்டார். மத்தவங்க எழுதினாங்களான்னு பார்ப்பார்.”

*

தரை துடைக்கிற பெண் கட்டடத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் காத்திருந்தாள். உள்ளே விட மாட்டார்கள். நாற்பத்தொரு வயது. மடியில் துணிப்பை, அதன் காதை விரல் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தாள்.

“விசாரணையில என்னம்மா கேட்டாங்க?”

“அஞ்சு சாரும் தரையைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க மேடம். ‘அதை எங்க போட்டே’ன்னு. எதைன்னு கேட்டேன். ‘அதான் அது’ன்னாங்க. நான் எடுக்கலைன்னேன். ‘சரி, எடுத்துட்டு எங்க போட்டே’ன்னு மறுபடியும் கேட்டாங்க.”

“பெட்டி மஞ்சள் தொட்டியில கிடந்துச்சாம்.”

அவள் முகத்தில் முதல்முறையாகக் கோபம் வந்தது.

“அதைத்தான் நானும் சொன்னேன், காதுல வாங்கலை. மஞ்சள், ரத்தம் பட்ட பஞ்சு, துணி. நீலம், கண்ணாடி. சிவப்பு, டியூபு, கையுறை. கறுப்பு, காகிதம், அட்டை. அட்டைப் பெட்டியை எவ மேடம் மஞ்சள்ல போடுவா? பதினொரு வருஷம் அந்த வேலை பார்த்திருக்கேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மாத்திப் போட மாட்டேன்.”

“வீட்ல என்ன சொல்றாங்க?”

“வீட்டுக்காரர் மட்டும்தான். நெஞ்சு பலவீனம், மூட்டை தூக்கற வேலையை விட்டு மூணு வருஷமாச்சு. லீவு விட்டிருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

சல்லடை எழுந்தாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

“மேடம், அதுங்க இப்ப உயிரோட இருக்குமா?”

“எதுங்க?”

“அந்தக் குப்பியில இருந்ததுங்க.”

சல்லடை அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். “தெரியலைம்மா. மூணு மணிக்கு இங்கேயே இருங்க. கூப்பிட்டு அனுப்பறேன்.”

சாலையைக் கடக்கும்போது மைக் கேட்டான். “என்ன அண்ணி, பேச்சையே காணோம்?”

“வேலை போகுது, போலீஸ் வருது. அந்த நிலைமையில நீ என்ன கேட்ப?”

“எனக்கு என்ன ஆகும்னு.”

“அவங்க அதைக் கேட்கலை பாரு.”

*

இயக்குநரின் அறையில் அவருடைய படங்கள் பதினேழு இருந்தன; ஒன்றில் மட்டும் வேறு யாரோவும் கூட நின்றார். மேசை மேல் பளிங்கில் செய்த இடுப்பெலும்பு. வரும் வெள்ளிக்கிழமை அவர் உலகத்துக்கு ஓர் அறிவிப்பைத் தரப்போவதாகச் சுவரொட்டி சொன்னது.

“எலும்பு மஜ்ஜை,” என்றார், சொந்த ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல. “இருபத்தாறு வயசு ஓட்டப்பந்தய வீரர் ஒருத்தரோட மஜ்ஜை. எங்க செல்லோட வேகத்தைப் பார்த்து நானே அசந்து போயிட்டேன். பலவீனமான இதயங்களுக்கு அடுத்த வருஷமே கொடுத்துப் பார்க்கப் போறோம்.”

“காணாமப் போன பெட்டி பத்தி?” என்றாள் சல்லடை.

அவர் முகத்தைச் சுளித்தார். “பாருங்க, ஆட்சிக்குழுக் கூட்டத்துலயே சொன்னேன். குப்பைக்குப் போக வேண்டிய பொருளை எல்லாம் தொட்டியில வெச்சுக்கிட்டு அதுக்கு ஆராய்ச்சின்னு பேர் வைக்கிறாங்க. அந்தப் பொருளைப் பார்த்து அந்தப் பொம்பளைக்குக் குமட்டியிருக்கு. படிக்காதவ. தூக்கிப் போட்டுட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல.”

“அப்புறம் போலீஸ் எதுக்கு சார்?” என்றான் மைக்.

“ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கே.”

காகிதக் கோப்பைகளில் காபி வந்தது. பேசிக்கொண்டே அவர்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நடைபாதையில் நாலு நிறத்தில் நாலு தொட்டிகள் வரிசையாக நின்றன. இயக்குநர் நடையை நிறுத்தாமல் கையை மட்டும் நீட்டினார். காகிதக் கோப்பை மஞ்சள் தொட்டிக்குள் விழுந்தது.

அவர் கதவு சாத்தியதும் மைக் கிசுகிசுத்தான். “பிடிச்சிடலாமா?”

“எதுக்கு? காபி குடிச்சதுக்கா? இந்தக் கட்டடத்துல பாதிப் பேருக்கு எது எந்தத் தொட்டின்னு தெரியாது. தன் குப்பையைத் தானே போட்டுப் பழகாதவங்க. பெட்டியைப் போட்டது அந்தம்மா இல்லைங்கறது மட்டும்தான் இதுல உறுதி.”

“அப்ப அடுத்து?”

“திருடினவன் அதைச் சும்மா வெச்சிருக்க மாட்டான். செல்லுக்குத் தீனி போடணும், தட்டு மாத்தணும். அதை அவனே பண்ணுவான்னு நினைக்கறியா?”

“கோப்பையையே ஒழுங்காப் போடத் தெரியாதவர்...”

“நான் யார் பேரையும் சொல்லலை.”

*

செல் வளர்க்கும் அறையின் தொழில்நுட்பப் பெண் அப்போதுதான் முகமூடியைக் கழற்றிவிட்டு, நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். எல்லாக் குழுவின் செல்லுக்கும் ஊட்டம் மாற்றுவது அவள் வேலை.

சல்லடை திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “ரொம்பக் களைப்பா இருக்கீங்களே,” என்றாள்.

அவ்வளவுதான். அணை உடைந்தது.

“களைப்பா? ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாள் இருக்கறதே எனக்கு மறந்து போச்சு மேடம். முன்னல்லாம் இயக்குநர் சாரோட மஜ்ஜை செல் தட்டு நிறைய ஒரு வாரம் ஆகும். திங்கள் போட்டா அடுத்த திங்கள் பார்த்தாப் போதும். கடைசியா அதுகூட நின்னு போய், பாதி செத்துக் கிடந்தது. இப்ப என்னடான்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொங்கி வழியுது. பிரிச்சுப் பிரிச்சு வேற தட்டுல போட்டுக்கிட்டே இருக்கணும். சனி, ஞாயிறு எதுவும் கிடையாது. என் மாமியார், ஆபீஸ்ல வேற யாரோ இருக்காங்கன்னே முடிவு பண்ணிட்டாங்க.”

“எப்பத்துல இருந்து இப்படி?”

“நல்லா ஞாபகம் இருக்கு. என் நாத்தனார் கல்யாணம். அந்த ஞாயிறுதான் முதல் தடவையா என்னைக் கூப்பிட்டாங்க. பத்து வாரம் இருக்கும்.”

மைக் கையில் இருந்த பென்சில் கீழே விழுந்தது.

“புதுசா ஏதாவது ஊட்டம் கண்டுபிடிச்சாராமா?”

“அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்றார். ஆனா பாட்டில் என்னமோ அதே பழைய பாட்டில்தான். நான்தானே ஊத்தறேன்.”

சல்லடை அவள் தோளைத் தட்டினாள். “ஒரு தட்டுல இருந்து பிரிச்சு எடுத்த பிறகு மிச்சம் இருக்குமே, அதை என்ன பண்ணுவீங்க?”

“தூக்கிப் போட்டுடுவோம்.”

“இன்னிக்கு மிச்சத்தைப் போடாதீங்க.”

நடைபாதையில் நின்று சல்லடை ஆட்சிக்குழுத் தலைவருக்குத் தொலைபேசினாள். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. இரண்டே கேள்வி கேட்டார். அரைமணியில் வந்து, மிச்சத் தட்டை ஆராய்ச்சியாளர் சோதிக்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

*

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் நீள மேசை. நடுவில் நீதிபதி. ஒரு பக்கம் இயக்குநரும் விசாரணைக் குழுவின் ஐந்து பேரும். எதிரே சல்லடை, மைக், ஆராய்ச்சியாளர், தொழில்நுட்பப் பெண். கதவோரம் தரை துடைக்கும் பெண் நின்றாள். நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மைக் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

சல்லடை சுருக்கமாகப் பேசினாள். காலிப் பெட்டி, தொட்டியின் நிறம், தொழில்நுட்பப் பெண் இழந்த பத்து ஞாயிற்றுக்கிழமை.

இயக்குநர் சிரித்தார். “என் செல் வேகமா வளருதுன்னு என் மேலயே குற்றமா? அது என் ஊட்டத்தோட வெற்றி.”

“பாட்டில் மாறவே இல்லை சார்,” என்றாள் தொழில்நுட்பப் பெண், மேசையைப் பார்த்தபடி.

நீதிபதி ஆராய்ச்சியாளர் பக்கம் திரும்பினார். “தட்டுல என்ன பார்த்தீங்க?”

“சாயம் ஏத்திப் பார்த்தேன் சார். எல்லாமே பெண்ணோட செல்.”

“இயக்குநருக்கு மஜ்ஜை கொடுத்தது யார்னு கோப்புல இருக்கு?”

“இருபத்தாறு வயசு ஓட்டப்பந்தய வீரர்,” என்று சல்லடை வாசித்தாள்.

“ஓடின ஓட்டத்துல வீராங்கனை ஆயிட்டார் போல,” என்றான் மைக்.

குழுவில் ஒருவர் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றிய இருமல். இயக்குநரின் கழுத்து சிவந்தது. ஆனாலும் அவர் லேசுப்பட்டவர் அல்ல.

“சரி. எங்கயோ கலந்திருக்கு. தொழில்நுட்பப் பொண்ணு ரெண்டு தட்டை மாத்தி வெச்சிருப்பா. ஞாயித்துக்கிழமை வேலைன்னா கவனம் எங்க இருக்கும்? அதை நான் சரி பண்ணிக்கறேன். ஆனா பெட்டியைத் தூக்கிப் போட்டது இவதான். அதுல மாத்தம் இல்ல.” கதவுப் பக்கம் விரல் நீண்டது. “இவங்களுக்கெல்லாம் அந்தப் பொருள்னா அப்படி ஒரு அருவருப்பு. ஆராய்ச்சி, விஞ்ஞானம்னா என்ன தெரியும்? பார்த்ததும் குமட்டியிருக்கும்.”

ஆராய்ச்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். சல்லடை தரை துடைக்கும் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் இருந்தே சல்லடை ஊகித்து வைத்திருந்த ஒரு விஷயம் இருந்தது. அதைத் தான் சொல்வது நியாயம் இல்லை.

அந்தப் பெண் எழுந்தாள். துணிப்பை மடியில் இருந்து கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

“எனக்கு எதுக்கு சார் குமட்டப் போகுது? அது என்னோடது.”



“என்ன சொல்றே?” என்றார் இயக்குநர்.

“ஏழாம் நம்பர் நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் தொட்டி ரூம் துடைக்கும்போது, இதுக்குள்ள என்ன இருக்குன்னு டாக்டரம்மாவைக் கேட்டேன். வேலையை நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்தாங்க. இந்தக் கட்டடத்துல பதினொரு வருஷத்துல எனக்கு ஒருத்தர் ஒண்ணைச் சொல்லிக் கொடுத்தது அன்னிக்குத்தான். நெஞ்சு கெட்டுப் போனவங்களுக்கு ஆகும்னாங்க. எங்க வீட்லயும் அப்படி ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். வீணாப் போறதுதானேன்னு கொடுத்தேன். கையெழுத்து போட்டுக் கொடுத்தேன்.”

“அப்ப விசாரணையில ஏன் சொல்லலை?” என்றார் நீதிபதி.

“யார்கிட்ட சார் சொல்றது? பேர் வெளிய வராதுன்னு டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தாங்க. நான் சொன்னா அவங்களுக்கு ஏதாவது ஆகுமோன்னு பயம். அதுவும் இல்லாம, நிமிர்ந்து பார்க்காத அஞ்சு ஆம்பளைங்க முன்னாடி என்னன்னு சொல்ல?”

ஐந்து பேரும் இப்போதும் நிமிரவில்லை. ஆராய்ச்சியாளர் மூடிய உறை ஒன்றை நீதிபதியின் முன் வைத்தாள். அவர் பிரித்தார். ஒப்புதல் படிவத்தின் கீழே உருண்டை உருண்டையான கையெழுத்து. சல்லடை எடுத்து வந்திருந்த பதிவேட்டை அருகில் இழுத்து ஒப்பிட்டார். பிறகு இயக்குநரைப் பார்த்தார்.

“உங்க தட்டுல இருக்கறதை இந்தம்மாவோட ரத்தத்தோட ஒத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“என் செல் செத்துக்கிட்டிருந்தது,” என்றார் கடைசியில். “அறிவிப்புக்குத் தேதி கொடுத்தாச்சு. அந்த ஒரு பெட்டிதான்... அது குப்பைக்குப் போனா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்கன்னு...”

சட்டென்று குரல் மாறியது. தேன் தடவினதுபோல் ஆயிற்று. “அம்மா, நீங்க செய்தது எவ்வளவு பெரிய தியாகம் தெரியுமா? வெள்ளிக்கிழமை மேடையில உங்களுக்கு முதல் வரிசையில இடம். உங்க சம்மதம் மட்டும்...”

“காலையில ‘அவ’. இப்ப ‘அம்மா’,” என்றான் மைக். “செல் மட்டும் இல்ல, மரியாதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரெண்டு மடங்கு ஆகுது.”

அந்தப் பெண் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“எப்ப வேணும்னாலும் சம்மதத்தைத் திருப்பி எடுத்துக்கலாம்னு போட்டிருக்கே. சாருக்கு நான் சம்மதமே கொடுக்கலை. அதனால திருப்பி எடுக்கவும் ஒண்ணுமில்ல.” ஆராய்ச்சியாளரைப் பார்த்தாள். “டாக்டரம்மா, அவர் தட்டுல இருக்கறதுங்க உங்களுக்கு ஆகுமா? இல்ல, மொதல்ல இருந்தா?”

“ஆகும்,” என்றாள் ஆராய்ச்சியாளர். “நீங்க சரின்னா.”

“அப்ப அதுங்களை டாக்டரம்மாகிட்ட கொடுத்துடுங்க.”

தட்டச்சு செய்து வைத்திருந்த போலீஸ் புகாரை நீதிபதி எடுத்தார். தரை துடைக்கும் பெண்ணின் பெயரைப் பேனாவால் அடித்து, காகிதத்தை இயக்குநர் பக்கம் தள்ளினார்.

“உங்க குழு எழுதினதுதான். மத்தபடி புகார் நல்லாத்தான் இருக்கு. பேரை மட்டும் மாத்தி எழுதுங்க. அப்புறம், ‘திருடு போன பொருள்’னு ஒரு கட்டம் காலியா இருக்கு. ‘அந்தப் பொருள்’னு எழுதினா போலீஸ்காரர் திருப்பி அனுப்பிடுவார். என்னன்னு எழுதுங்க.”

இயக்குநர் பேனாவைப் பிடித்தார். முதல் எழுத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் ஆயிற்று. மைக் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

*

தரை துடைக்கும் பெண்ணைச் சல்லடை காரில் வீட்டுக்குக் கொண்டு போனாள். குறுகலான தெரு, தரைத்தளத்தில் ஒற்றை அறை. மாடி ஏற முடியாத ஆளுக்காகப் பார்த்துப் பிடித்த அறை. வாசலுக்கு நேரே மேசை போட்டு, கணவர் ஒரு மின்விசிறியைப் பிரித்து வைத்து அதன் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு; மூச்சு மட்டும் சின்னதாக வந்தது.

“லீவு முடிஞ்சுதா?” என்றார் நிமிராமல். “சூப்பர்வைசர் போன வாரமே உன் கையுறையையும் செருப்பையும் கொண்டாந்து கொடுத்துட்டுப் போனார். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போனது, ஏழாம் நம்பர், கப், குப்பி, திருட்டு. ஒன்றையும் விழுங்கவில்லை. மைக் தெருவில் நிற்கும் சைக்கிளை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணவர் கம்பிச் சுருளைக் கீழே வைத்தார்.

“ரெண்டு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“அருவருப்புப்படுவியோன்னு.”

“ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் எனக்கு எல்லாத்தையும் எடுத்துப் போட்டது யாரு? அப்ப நீ மூக்கைப் பொத்துனியா?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “வலிச்சுதா?”

“அதெல்லாம் இல்ல.”

“எனக்கு வைப்பாங்களா அதை?”

“இப்ப இல்ல. பல வருஷம் ஆகுமாம். ஆகாமலும் போகலாமாம்.”

அவர் தலையை ஆட்டினார். ஏமாற்றம் முகத்தில் வந்து, கொஞ்ச நேரம் இருந்து, போயிற்று.

“மறுபடி வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க, நாளைக்கு ஏழு மணிக்குப் போறேன்,” என்றாள். “பத்து மணிக்கு டாக்டரம்மா அதுங்களை மைக்ராஸ்கோப்புல காட்டறேன்னு சொல்லியிருக்காங்க. நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. நீயும் வர்றியா?”

“எத்தனாவது மாடி?”

“நாலு.”

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சை.

“லிஃப்ட் இருக்கு,” என்றாள் அவள்.

கணவர் எழுந்து, மேசையைப் பிடித்து ஒரு கணம் நின்று, உள்ளே போனார். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“அந்த நீலச் சட்டையை எங்க வெச்சே?” என்று குரல் வந்தது.